குளுகுளு டிரெய்லரா... சாதா டிரெய்லரா?



சாஃப்ட்வேர், பேங்க்னு நிறைய வேலைகளைப் பத்திப் பேசியாச்சு. இந்த வாரம் கொஞ்சம் தூரமா, அமெரிக்க ஹைவேக்குப் போவோமா? 53 அடி நீள டிரெய்லரை இழுத்துட்டுப் போற டிரைவரோட சீட்டுல உட்காருங்க. பெல்ட் போட்டாச்சா? ரைட்... போலாம்!

அங்கே இந்த வண்டி ஓட்ட 'கிளாஸ் ஏ' கமர்ஷியல் லைசென்ஸ் வேணும். மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டு போகணும்னா பொதுவா 21 வயசு ஆகியிருக்கணும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் புது டிரைவர் மண்டையைக் குடையிற கேள்வி இதுதான்: 'ரீஃபரா, டிரை வேனா?'

டிரை வேன்னா சாதா மூடின பெட்டி. பேப்பர், டயர், துணிமணி, டப்பா உணவுனு கெட்டுப்போகாத சரக்கெல்லாம் இதுல போகும். ரீஃபர்னா ஓடுற ஃபிரிட்ஜ்! பெட்டியோட முன்பக்கம் தனி டீசல் இன்ஜினோட ஒரு கூலிங் யூனிட் இருக்கும். ஐஸ்கிரீம், இறைச்சி, கீரை, பழம் எல்லாம் இதுல. ரெண்டுக்கும் ஒரே லைசென்ஸ்தான், தனிப் பரீட்சை கிடையாது.

இந்த ஓடுற ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு நிஜ ஹீரோ இருக்கார். பேரு ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். பெருசா பள்ளிப்படிப்பு இல்லாத கறுப்பின மெக்கானிக். 1930களின் கடைசியில் லாரிக்கான கூலிங் யூனிட்டை உருவாக்கினார். அதை வெச்சு வளர்ந்த கம்பெனிதான் இன்னிக்கு இருக்கிற தெர்மோ கிங். 1961-ல் இறந்தவருக்கு 1991-ல்தான் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைச்சது.

சரி, மேட்டருக்கு வருவோம். பொதுவா ரீஃபர் சரக்குக்கு மைல் ரேட் கூட. 'அப்புறம் என்ன யோசனை, ரீஃபர்தான்!'னு குதிக்காதீங்க பாஸ். பெரும்பாலான டிரைவர்களுக்கு அங்கே சம்பளம் மணிக்கணக்கு இல்ல, மைல் கணக்கு. சக்கரம் சுத்தினாத்தான் காசு!

இங்கேதான் கடிகாரம் வில்லனா வருது. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு டிரைவருக்கு 14 மணி நேரக் கெடு. அதுக்குள்ளே அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். குடோன் வாசல்ல காத்திருந்தாலும் அந்த 14 மணி ஓடிட்டேதான் இருக்கும். 2017 டிசம்பர்ல இருந்து பெரும்பாலான வண்டிகள்ல எலெக்ட்ரானிக் பதிவும் கட்டாயம். ஏமாத்துறதும் சுலபமில்ல.

காத்திருப்பு ரீஃபருக்கு ஜாஸ்தி. மளிகை குடோன்ல டெம்பரேச்சர் பார்ப்பாங்க, பெட்டி பெட்டியா எண்ணுவாங்க. டிரை வேன்ல பல இடத்துல ஒரு டிரெய்லரைக் கழட்டி விட்டுட்டு, ரெடியா இருக்கிற இன்னொண்ணை மாட்டிட்டுக் கிளம்பிடலாம்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோமா? ரீஃபர் டிரைவருக்கு மைலுக்கு 60 சென்ட். குடோன்ல 5 மணி நேரம் போச்சு, ஓட்டினது 400 மைல். கையில 240 டாலர். டிரை வேன் டிரைவருக்கு மைலுக்கு 55 சென்ட்தான். ஆனா 550 மைல் ஓட்டிட்டார். 302 டாலர் 50 சென்ட்! ரேட் கம்மி, வருமானம் கூட.

இது பணத்தோட முடியலை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவு 2018-ல் ஒரு அறிக்கை கொடுத்தது. குடோன்ல நிற்கிற சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினா, விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் கூடும்னு அதுல மதிப்பிட்டாங்க. இழந்த நேரத்தைப் பிடிக்க அவசரப்பட்டா என்ன ஆகும்னு சொல்லவா வேணும்?

அப்ப ரீஃபர் வேஸ்ட்டா? அதான் இல்ல! ஜனங்க வருஷம் பூரா சாப்பிடுவாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சு டிரை வேன் சரக்கு குறையிறப்பவும் ரீஃபருக்கு லோடு இருக்கும். தேவைப்பட்டா யூனிட்டை அணைச்சுட்டு சாதா சரக்கும் ஏத்தலாம். கலிஃபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்குல கீரை ஏத்தினா நியூயார்க் வரைக்கும் கிட்டத்தட்ட 3,000 மைல். காத்திருந்ததுக்கு ஈடு கட்டிடும்!

ஆனா உஷாரா இருக்கணும். வாழைப்பழத்துக்கு சுமார் 14 டிகிரி செல்சியஸ், ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 29. நம்பர் மாறினா மொத்த லோடும் காலி. ரீஃபர், சில்லுனு வர்ற சரக்கை அப்படியே காப்பாத்தத்தான். சூடா ஏத்தினதைக் குளிர வைக்கிற வேலைக்கு அது தோதுப்படாது. அதனால கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துடணும். ராத்திரி தூங்கும்போது முதுகுக்குப் பின்னாடி இன்ஜின் உறுமும், அதுக்கும் பழகிக்கணும்.

அதனால கம்பெனியில சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டே ஆகணும். காத்திருந்தா காசு உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு அப்புறம்? சரக்கு இறக்குற கூலி யார் பொறுப்பு? லோடு கெட்டா யார் தலையில விழும்? எத்தனை நாளுக்கு ஒருதரம் வீடு?

பதில் மழுப்பலா வந்தா, மைலுக்கு எவ்வளவு கூடக் கொடுத்தாலும் யோசிக்கணும். தெளிவா வந்தா, தூக்கத்தையும் வீட்டையும் கணக்குல சேர்த்து ரீஃபரோ டிரை வேனோ முடிவு பண்ணலாம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கிளம்பிட்டு இருக்கிற ஃப்ரெண்ட்ஸ்... 'சம்பளம் எவ்வளவு?'னு கேட்கிற அதே மூச்சுல, 'எத்தனை மணி நேரத்துக்கு?'னும் கேட்டுடுங்க. தப்பே இல்ல!

அடுத்த வாரம் வேற வண்டியில மீட் பண்ணுவோம். டாட்டா!