டிபரன்ஷலை மாத்துறதுக்கு முதல்

நமுனுகுல ஏற்றத்துல ஆள் நிறைஞ்ச பழைய வேன் முதல் கியரில் இழுக்கும்போது, பின் வீல் தடதடன்னு குதிக்கும். "ரோடு அப்பிடி"ன்னு நாம சொல்லுவோம். கராஜுல "டிபரன்ஷல் போயிருச்சு, மாத்தணும்" என்பாங்க. அப்புறம் ட்ரைவர் அண்ணன் கடன் வாங்கணும்.

ரெண்டையும் உடனே நம்பக்கூடாது என்பதுதான் என் கருத்து.

பாரத்தோடு இழுக்கும்போது ஸ்பிரிங் பட்டை முறுக்கி, திரும்பவும் விரியும். அதுதான் அந்தக் குதிப்பு. தேய்ந்த புஷ், தளர்ந்த யூ போல்ட், செத்த ஷொக் அப்சோபர் இருந்தால் அது கூடும். ஒவ்வொரு குதிப்பும் டிபரன்ஷல் பல்லில் விழும் அடி. காரணத்தை விட்டுட்டு டிபரன்ஷலை மட்டும் மாத்தினால், புதுசும் அதே அடியைத்தான் வாங்கும்.

சமதரையில் எஞ்சினை நிறுத்தி, எல்லா வீலுக்கும் கட்டை வைத்து, நியூட்ரலில் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்க. குரொஸ் ஜொயின்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தால் ஆட்டம் ஜொயின்டில். இரண்டு பக்கமும் சேர்ந்து அசைந்து உள்ளே 'டக்' என்றால் டிபரன்ஷலில். கொஞ்ச அசைவு பழுதல்ல. பற்களுக்கிடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இடைவெளி இருக்கத்தான் வேணும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. பழைய வேன்களை நம்பித்தான் தோட்டத்துப் பிள்ளைகள் ஸ்கூலுக்கும், நோயாளிகள் பதுளைக்கும் போறாங்க.

நான் ஆர்ட்ஸ் படிக்கிறவள்தான். ஆனாலும் கழட்டுறதுக்கு முதல் இதைக் கேட்கலாம்: "எங்க ஆடுது பாஸ்? காட்டுங்க."