பூட்டுப் போட்ட புத்தகம்

'இ-ரீடர் இப்பவே வாங்கலாமா, கலர் ஸ்க்ரீன் இன்னும் நல்லா வரட்டுமா?' என்று கேட்கிறீர்கள். கவலைப்பட வேண்டியது திரையைப் பற்றியல்ல ஸார், பூட்டைப் பற்றி.

திரை சாமர்த்தியமானதுதான். தலைமயிர்ப் பருமனில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். உள்ளே கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்னழுத்தம் கொடுத்தால் வேண்டிய நிறம் மேலே மிதந்து வரும். பக்கம் மாறும்போதுதான் பாட்டரி செலவு. இதோடு போட்டிக்கு வந்த குவால்காமின் 'மிராசோல்' 2011ல் கொரியாவில் ஒரு ரீடரில் தலைகாட்டிவிட்டு ஆளைக் காணோம். நாளை இ-இங்க்கும் போகலாம். போகட்டுமே! ஓலை போய்க் காகிதம் வந்தபோது உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். கிடைத்த ஏடு அவரிடம் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

இப்போது கேட்கிறது. 2004ல் ஜப்பானில் சோனி கொண்டுவந்த 'லிப்ரியே' ரீடரில் புத்தகங்களுக்கு ஆயுள் 60 நாள். 2009 ஜூலையில் அமேசான், தான் விற்ற ஒரு பதிப்புக்கு உரிமைச் சிக்கல் என்று வாசகர்களின் கிண்டிலுக்குள்ளேயே புகுந்து அழித்தது. எந்தப் புத்தகம்? ஆர்வெல்லின் '1984'! பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். 2019ல் மைக்ரோசாஃப்ட் தன் இ-புக் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவையும் கூடவே காலி. பணம் வாபஸ் வந்தது, புத்தகம் வரவில்லை.

'பூட்டு இல்லாவிட்டால் திருட்டு காப்பி போடுவானே, எழுத்தாளன் என்ன சாப்பிடுவான்?' நியாயமான கேள்வி. டார் புக்ஸ் என்ற பதிப்பகம் 2012ல் பூட்டைக் கழற்றியது. ஒரு வருஷம் கழித்து, திருட்டு குறிப்பிடும்படி அதிகரிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். திருடனுக்குப் பூட்டு ஒரு பொருட்டே இல்லை. மாட்டிக்கொள்வது காசு கொடுத்த நீங்களும் நானும்.

1998 பொங்கலன்று துவங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட தமிழ் நூல்கள். அன்றைய டிஸ்கி குறியீடு வழக்கொழிந்ததும், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டார்கள். இன்றும் படிக்கலாம். பூட்டு இல்லை, அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்தமுறை 'வாங்கு' பட்டனை அழுத்துமுன் ஒன்று கேளுங்கள்: இதை வேறு கருவிக்கு மாற்ற முடியுமா, என் பேத்திக்குக் கொடுக்க முடியுமா? முடியாது என்றால் அதன் பெயர் விற்பனை இல்லை, வாடகை. வாடகைக்கு லெண்டிங் லைப்ரரி ரேட்தான் தருவேன் என்று சொல்லுங்கள்.