அப்பா பெயர் போதும்

பாளையம்பட்டியில் வளைகுடா போகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் பையன்கள் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண் சான்றிதழில் ‘மு. கருப்பசாமி’, ஆதாரில் வெறும் ‘கருப்பசாமி’. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சிக்கல் வரலாம்: 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்றது. அந்தக் கட்டத்தில் எழுத நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; நம் ஊரில் முன்பு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது சாதிதான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாநாடு அதை உதறச் சொன்னது. தமிழ்நாடு பெரும்பாலும் கேட்டது. பிலிப்பைன்ஸில் நடந்தது தலைகீழ். 1849-ல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா, வரி வசூலுக்கும் கணக்கெடுப்புக்கும் வசதியாக, பெயர்ப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார். பட்டியலின் சில பக்கங்களே ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததால், அல்பாய் மாகாணத்து ஓவாஸ் ஊரில் இன்றும் ஏராளமான குடும்பப் பெயர்கள் ‘ஆர்’ எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆள்பவன் கொடுத்த பெயரைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறார்கள். நாமோ சுமந்ததை இறக்கி வைத்தவர்கள். அது சாதாரணக் காரியமில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு. இன்று ஒரு விண்ணப்பப் படிவத்துக்காகச் சாதியைத் திரும்பப் பெயரோடு ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. தம்பிகளே, அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். ஆதார், சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.