மூணு இஞ்சு கத்தியும் ஒரு ரசீதும்

டெல்லியிலிருந்து ஊருக்கு ரயிலேறும் நம் குடும்பங்களில் புளியோதரைப் பொட்டலம் எப்படியோ, மடக்குக் கத்தியும் அப்படித்தான். வழியில் வெள்ளரிக்காய் வாங்கினால் நறுக்க வேண்டாமா? என் ஆபீஸ் பையிலும் பத்து வருஷமாக ஒன்று கிடக்கிறது. வவுச்சர் கட்டின் சணலை அறுக்க அதுதான்.

எங்கள் கிளையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் பையனிடமும் அதே கத்தி உண்டு. பீகார்க்காரன், இருபத்திரண்டு வயசு. கத்தியை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அதே கடை, அதே விலை.

போன மாதம் இருவரும் ஒரு வாசல் சோதனையில் முன்னும் பின்னுமாக நின்றோம். (எந்த வாசல் என்பது வேண்டாம், விடுங்கள்.) என் பையைத் துழாவியவர், "பழம் நறுக்கவா சார்?" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அவனை ஓரமாக நிற்கச் சொன்னார். ரெண்டும் ஒரே கத்திதானய்யா என்று என் கத்தியை எடுத்துக் காட்டினேன். "நீங்க போங்க சார்" என்று பதில் வந்தது. மூணு மணி நேரம் கழித்துத்தான் அவனை விட்டார்கள். அரை நாள் கூலி போச்சு. கத்தியும் போச்சு, அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அன்று ராத்திரி ஆயுதச் சட்டத்தைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். பி.காம்.காரனுக்குச் சட்டம் எட்டாக்கனிதான். ஆனால் இருபது வருஷமாகச் சுற்றறிக்கை படித்த கண்ணாயிற்றே.

1959-ஆம் வருஷச் சட்டம், வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்யப்பட்ட பொருள் ஆயுதமே இல்லை என்கிறது. 2016 விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி. டெல்லிக்கென்று 1980-இல் தனியாக ஓர் அறிவிக்கை போட்டார்கள். அது பட்டன் கத்தி, கராரிதார் கத்தி, இன்னும் ஏதாவது விசையால் திறந்து மூடுகிற கத்தி பற்றியது. அதிலும் அலகு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 7.62 என்றால் சரியாக மூணு இஞ்சு. எங்கள் கத்தியை ஸ்கேல் வைத்து அளந்தேன்: ஆறரை செ.மீ. அதுவும் நகத்தால் நெம்பித் திறக்கிற ரகம், பட்டனாவது ஒண்ணாவது!

இன்னொன்றும் உண்டு. பட்டன் கத்தியோடு பிடிபட்ட ஒருவர் மீதான வழக்கையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அந்த அறிவிக்கை தயாரிப்பு, விற்பனை, விற்க வைத்திருப்பது பற்றியது. அப்படி ஒரு குற்றச்சாட்டே அவர் மேல் இல்லையே என்று.

"கத்தி எதுக்கு சார், வம்பு எதுக்கு?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் கத்திக்குத்து நடப்பது எனக்கும் தெரியும். சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது என்பது நல்ல விதி. எழுதியும் வைத்திருக்கிறார்கள், பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடுகிறோம். உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல வாசலுக்கு உரிமை உண்டு. ஆனால் உள்ளே விடமாட்டேன் என்பது வேறு, நீ குற்றவாளி என்பது வேறு. அந்த இரண்டையும் குழப்பி, எவனுக்கு எது என்பதை அவனவன் சட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

(ராம்பூர் கத்திக்கு அந்த ஊர் நாற்சந்தியில் 2023-இல் 20 அடியில் சிலையே வைத்தாயிற்று. அது பெருமை. பையனின் ஆறரை சென்டிமீட்டர்தான் ஆபத்து!)

என்ன அளவுக் கத்தி கூடாது என்று வாசலில் இந்தியில் ஒரு பலகை வையுங்கள். எடுத்துக்கொண்டால் ரசீது கொடுங்கள். எங்கள் கவுண்டரில் ஐம்பது ரூபாய் கட்டினாலும் சீல் போட்டுச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறோம். அறுபது ரூபாய்க் கத்தியை வாங்கிக்கொள்பவருக்கு அது முடியாதா?

வேறு கத்தி வாங்கித் தரட்டுமா என்று பையனிடம் கேட்டேன். வேண்டாம் சார் என்றுவிட்டான். இப்போது சணலைப் பல்லால் கடித்து அறுக்கிறான்.