பாதுகாப்பும் நம் உரிமைதான்!

அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்திய உங்கள் மோட்டார் சைக்கிள் காணாமல் போகிறது. பஸ் நிறுத்தத்தில் நின்ற உங்கள் மனைவியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நீங்கள் எங்கே போவீர்கள்? போலீஸ் நிலையத்துக்கா, பக்கத்து புளோக்கில் இருக்கும் 'அண்ணன்களிடமா'?

உண்மையைச் சொல்வோம். நம்மில் பலர் அண்ணன்களிடம்தான் போகிறார்கள். குண்டர் கும்பல் எப்படி வளர்கிறது என்று ஆராய ஹோட்டலில் கருத்தரங்கு நடத்தத் தேவையில்லை. அரசாங்கம் தரவேண்டிய பாதுகாப்பை அது தராத இடத்தில் வேறொருவன் விற்கிறான். வாங்குகிறவன் ஏழை. அதற்கு விலையாகத் தன் பிள்ளையையே கொடுப்பவனும் அந்த ஏழைதான்.

கம்போங் மேடானை மறந்துவிட்டோமா?

பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடான், கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான் பகுதிகளில் 2001 மார்ச் மாதம் என்ன நடந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் இந்தியர். வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் வெட்டப்பட்டார்கள். அரச விசாரணை ஆணையம் வேண்டும் என்று குரல் எழுந்தது. ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

அங்கே இருந்தவர்கள் யார்? தோட்டங்கள் விற்கப்பட்டபோது வேலை, வீடு, பள்ளி, கோயில் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து பட்டணத்துக்கு வந்தவர்கள். புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். பிறகு நீண்ட வீடுகளில் அடைக்கப்பட்டார்கள். பிறகு மலிவு விலை அடுக்குமாடி. மேம்பாடு அடுக்குமாடியோடு நின்றுவிட்டது. எரியாத விளக்கு, ஓடாத லிப்ட், ரோந்து வராத பின்சந்து! பதினான்கு வயதுப் பையன் மாலையில் எங்கே போவான்? அவனைத் தேடி யார் வருவார்கள்?

எண்ணிக்கை வந்தது, சட்டமும் வந்தது

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள், அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியர் என்றார்கள். இது போலீஸ் கணக்கு. நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. ஆனாலும் மக்கள் தொகையில் சுமார் 7 விழுக்காடாக உள்ள ஒரு சமூகத்தின் நெற்றியில் அன்றே முத்திரை குத்தப்பட்டது. அக்டோபரில் மலாக்காவில் பேசிய அப்போதைய உள்துறை அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி, ஆதாரம் கிடைத்தால் முதலில் சுடுவதே நல்லது என்ற பொருள்படப் பேசினார். அதே மாதம் குற்றத்தடுப்புச் சட்டமான 'போக்கா'வுக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டது. விசாரணை இல்லாமல் ஈராண்டு தடுத்து வைக்கலாம், மீண்டும் நீட்டிக்கலாம். 2012-ல் வந்த 'சோஸ்மா' சட்டத்தின் கீழோ 28 நாள் வரை போலீஸ் காவல், அதன் பிறகும் ஜாமீனுக்கு ஏறக்குறைய வழியே இல்லை.

"வக்கீல் சார், உங்கள் வீட்டில் கொள்ளை நடந்தால் இப்படிப் பேசுவீர்களா?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். 1969-ல் வந்த அவசரகாலச் சட்டம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடப்பில் இருந்தது. அதன் கீழும் விசாரணை இல்லாமல்தான் ஆட்களை அடைத்தார்கள். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 40,000 குண்டர்கள் இருக்கிறார்கள் என்றால் அந்தச் சட்டம் எதைச் சாதித்தது? சாட்சியம் திரட்டாமலே ஒருவனை உள்ளே தள்ள முடியும் என்றால், சாட்சியம் திரட்டும் வேலையை யார் செய்வார்கள்? சந்தேகப்பட்டவன் சிம்பாங் ரெங்காமுக்குப் போவான். பணம் போட்டு நடத்துகிறவன் காரில் போவான். கொள்ளை கொடுத்த உங்களுக்கு ஒரு தீர்ப்புகூடக் கிடைக்காது.

நிலையத்துக்குப் போக ஏன் பயம்?

2004-ல் அமைக்கப்பட்ட அரச போலீஸ் ஆணையம், 2000 முதல் 2004 வரை போலீஸ் காவலில் 80 பேர் இறந்ததைப் பதிவு செய்தது. 125 பரிந்துரைகளைத் தந்தது. முக்கியமானது ஐபிசிஎம்சி என்ற சுயேச்சை ஆணையம். அது கடைசிவரை வரவில்லை. 2022-ல் நிறைவேறி 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த ஐபிசிசி, பரிந்துரை மட்டுமே செய்ய முடியும்; தவறிழைத்த அதிகாரியை அதுவே தண்டிக்க முடியாது. இடையில் 2009-ல் 22 வயது குகன் போலீஸ் காவலில் இறந்தார். அந்த மரணத்துக்குப் போலீசே பொறுப்பு என்று 2013-ல் உயர்நீதிமன்றம் சிவில் வழக்கில் தீர்ப்பளித்தது.

இந்த மரணங்கள் ஒரு குடும்பத்தின் துயரத்தோடு முடிவதில்லை. நிலையத்துக்குள் நுழையப் பயப்படும் சமூகம் புகார் செய்யாது. புகார் இல்லாத குற்றம் கணக்கில் வராது. கணக்கில் வராத இடத்துக்கு ரோந்து வராது. ரோந்து வராத இடம் குண்டர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த இடம்! ஆகவே போலீஸ் முறைகேட்டைத் தட்டிக் கேட்பவன் குற்றவாளிக்குத் துணை போகவில்லை. உங்கள் வீதியின் பாதுகாப்புக்காகத்தான் அவன் பேசுகிறான்.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலாவது, புகார் செய்யுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107-வது பிரிவின்படி, மலேசியாவில் எங்கு குற்றம் நடந்திருந்தாலும் புகாரைப் பெற்றுக்கொள்வது போலீஸ்காரரின் கடமை. "இது எங்கள் வட்டாரம் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. புகாரின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, விடாதீர்கள். வாரண்டின்றிக் கைது செய்யக்கூடிய குற்றமானால், புகார் செய்து நான்கு வாரம் ஆனதும் 107ஏ பிரிவின் கீழ் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்று எழுத்து மூலம் கேளுங்கள். விசாரணைக்குப் பாதிப்பு வராதென்றால், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பிள்ளை கைதானால் அழுதுகொண்டு தலைவர்களின் வாசலில் நிற்காதீர்கள். கைதுக்கான காரணத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும். வழக்கமான கைதில், வாக்குமூலம் எடுக்கும் முன்பே குடும்பத்தோடும் வழக்கறிஞரோடும் தொடர்புகொள்ள அவனை அனுமதிக்க வேண்டும் என்கிறது 28ஏ பிரிவு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5-வது விதி. வசதி இல்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது, தனியாகப் போகாதீர்கள். ஒரு புளோக்குக்கு இருபது பேர் கையெழுத்திட்டு விளக்கு கேளுங்கள், ரோந்து கேளுங்கள். ருக்குன் தெத்தாங்காவில் நம்மவர்களும் உட்காரட்டும். மலாய்க்கார அண்டை வீட்டுக்காரரையும் சீனக் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருடன் இனம் பார்த்து வருவதில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் அரிசி மூட்டையோடு வருகிறவரிடம் அடுத்த முறை ஒரே கேள்வி கேளுங்கள்: "எங்கள் வீதியில் என் மகள் இரவு பத்து மணிக்குப் பயமில்லாமல் நடக்க வேண்டும், போலீஸ் காவலுக்குப் போன என் மகன் உயிரோடு திரும்ப வேண்டும். இரண்டுக்கும் என்ன செய்தீர்கள்?"

இரண்டில் ஒன்றைத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். இரண்டும் நமக்கு வேண்டும்!