பாவம் அந்த பம்ப்!

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கி.மீ. அந்த ரோட்டில் ஒரு பெட்ரோல் கார் நின்றுவிட்டது என்று வையுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் எடுக்கவில்லை. வருகிற மெக்கானிக் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "ஃப்யூயல் பம்ப் போச்சு சார்!" (பெட்ரோல் பங்க் இல்லீங்க, டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் குட்டி மோட்டார்.) பல ஆயிரம் கொடுத்துப் புதுசு மாட்டியும் கார் ஓடாவிட்டால்? மாட்டிய எலக்ட்ரிகல் சாமானைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுக்காது.

பம்ப் கெட்டே போகாது என்றில்லை. 2020 ஜூலையில் மாருதி சுசூகி 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃப்யூயல் பம்ப் சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டாவும் 90,000-க்கு மேற்பட்ட கார்களை அழைத்தது. மாற்றித் தருவது இலவசம். ஆகவே முதல் வேலை, சேசிஸ் நம்பர் அந்த லிஸ்டில் இருக்கிறதா என்று பார்ப்பது.

ஆனால் டெல்டாவில் வயரிங்கையும் சந்தேகப்பட வேண்டும். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியின் கப்ளரில் பச்சைக் களிம்பு பூக்கும். தை மாசம் சம்பா அறுப்பு முடிந்தால் வயல் எலிக்குப் புது ஜாகை வேண்டும். வைக்கோல் போர் பக்கத்தில் நிற்கும் கார் அதற்குச் சத்திரம் மாதிரி :-)

சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் செய்யாமலே, பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி 'உய்ங்' என்று சத்தம் வரும். வராவிட்டால் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கக் காசா பணமா?

அடுத்ததில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருது, அப்போ பம்ப்தான்!" அவசரம் வேண்டாம். மீட்டர் இழுக்கும் கரண்ட் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். எலி கடித்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயர்கூட 12 காட்டிவிடும். பம்ப் கேட்பதோ பல ஆம்பியர். அந்த லோடு விழுந்ததும் வோல்ட் படுத்துவிடும். கணக்குப் புத்தகத்தில் லாபம், கல்லாவில் காசில்லை என்கிற அதே கதை.

அதனால் கப்ளர் மாட்டியபடியே, ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளக்க வேண்டும். பாட்டரியில் இருப்பதைவிட பம்பில் அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயர், ரிலே, எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். எர்த்தை மறப்பவர்களே அதிகம். மீட்டர் இல்லையா? கழற்றிய கப்ளரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைக் கொடுங்கள். மங்கலாக எரிந்தால் வயரிங் கோளாறு. பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் எதையும் தொடாதீர்கள்.

மெக்கானிக்கை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. அரைமணி நேரம் சோதித்ததற்கு பில்லில் 300 ரூபாய் போட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்று சண்டைக்கு வருகிற அதே ஆள், பம்ப் மாற்றினேன் என்றால் ஏழாயிரத்தை எண்ணி வைத்துவிட்டுப் போகிறார். அப்புறம் எந்த மெக்கானிக் உட்கார்ந்து வயரைத் தேடுவார்?