மஞ்சள் இலை சொல்லும் சேதி

"பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம்" என்பது பழமொழி. ஆனால் இலைக்குள் நடப்பதை அறிந்தால், குருத்துக்குச் சிரிக்க நியாயமே இல்லை என்பது புரியும்.

சென்ற தை மாதம் குமாரலிங்கபுரத்தில் ஒரு மானாவாரிப் பருத்திக் காட்டில் நின்றிருந்தேன். காய் முற்றிய செடிகளில் அடியிலைகள் மஞ்சளாகியிருந்தன. "இலை சாகுது சார், யூரியா வாங்கணும்" என்றார் காட்டுக்காரர். மண்ணில் ஈரமும் இல்லை. நான் பாடம் நடத்துவது இயற்பியல்தான். ஆயினும் "வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். ஏன்?

இலை பழுப்பது வெறும் சாவு அல்ல. ஒழுங்காக நடக்கும் வேலை. இலையிலுள்ள நைட்ரஜனின் பெரும்பகுதி, செல்களின் பசுங்கணிகங்களில் புரதமாக இருக்கிறது. முதுமையில் முதலில் பிரிக்கப்படுபவை இவையே. பச்சையம் சிதைய, முன்பே இருந்த மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. புரதங்கள் அமினோ அமிலங்களாக உடைந்து, சல்லடைக் குழாய்கள் வழியே காய்க்குப் போகின்றன. கட்டளையிடும் உட்கருவும் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் கடைசிவரை நிற்கின்றன. வீட்டைக் காலி செய்பவர் விளக்கைக் கடைசியில்தானே அணைப்பார்!

இவையெல்லாம் ஜீன்களின் ஏற்பாடு. மெண்டல் 1866-இல் எழுதிய பட்டாணிகளை நினைவிருக்கிறதா? அவற்றில் பச்சையாகவே நின்ற விதைகளில், பச்சையத்தைச் சிதைக்க உதவும் ஜீன் பழுதுபட்டிருந்தது என்று 2007-இல் தெரியவந்தது.

எல்லாச் சத்தும் இப்படி இடம் மாறுவதில்லை. நைட்ரஜன் எளிதில் நகரும். இரும்பு எளிதில் நகராது. ஆகவே மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதே முக்கியம். இளஞ்செடியில் அடியிலை வெளுத்தால் நைட்ரஜன் குறை இருக்கலாம். குருத்திலை நரம்புகளுக்கிடையே வெளுத்தால் இரும்புக் குறை இருக்கலாம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது வரும். யூரியா அதைத் தீர்க்காது. காய் முற்றியபின் அடியிலை பழுத்தால், அது பெரும்பாலும் முதுமையே.

இலையின் படத்தை வரையச் சொல்லும் நாம், பழுத்த இலையைப் பார்க்கச் சொல்வதில்லை. இது நம் கல்வியின் குறை என்பேன். மழையை நம்பிய ஊரில் வீணாகும் ஒரு மூட்டை உரமும் பெரும் நட்டமல்லவா?

மாணவர்களே, நாளை ஒரு செடியை அடியிலிருந்து நுனிவரை பாருங்கள். வீட்டில் யூரியா வாங்கக் கிளம்பினால், "எந்த இலை மஞ்சள்?" என்று கேளுங்கள். குருத்தின் பசுமையில் பழுத்த இலையின் பங்கும் இருக்கிறது.